காலடியில் ஒரு தேக்குக் காடு

சித்திரை மாதத்து நடுப்பகலில் மேட்டுப்பாளையத்து வீடு ஒன்றில் நுழைந்து, செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமெண்டுத் தரையில் காலை வைத்தால் 'அப்பாடா!' என்று இருக்கும். மார்கழி மாதத்து விடியற்காலையில், குன்னூரில், அதே மாதிரித் தரையில் அதே காலை வைத்துப் பாருங்கள், 'ஐயையோ!' என்று அலறத் தோன்றும். தரை என்னவோ ஒன்றுதான். ஊர்தான் வேறு!

இரண்டு ஊருக்கும் நடுவே அப்படியொன்றும் பெரிய தூரம் இல்லை. பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு பெருமூச்சு விட்டு ஏறும் மலை ரயில் 1899-ல் குன்னூரை எட்டியது. 1908-ல் உதகை வரை போய்ச் சேர்ந்தது. மொத்தம் 46 கிலோமீட்டர் பாதை. ஆனால் அந்தப் பாதை 326 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு 2,203 மீட்டர் உயரத்தில் போய் நிற்கிறது. பாக்குத் தோட்டத்தில் ஏறிக்கொண்ட பிரயாணி, கையிலுள்ள விசிறியைக் கீழே வைத்துவிட்டுக் கம்பளிச் சட்டையைத் தேட வேண்டியிருக்கிறது.

நீலகிரிக்குப் போகிறவர்கள் எல்லாரும் தலையை நிமிர்த்தியே ஊர் பார்க்கிறார்கள். சிகரம், மேகம், யூகலிப்டஸ் மரம், தேயிலைச் சரிவு! எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் இந்த மலைமேல் ஓர் அதிசயத்தைத் தலையைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். பழைய பங்களாக்களின் மரத்தரைகளைச் சொல்கிறேன். நூறு வருஷத்துக்கு மேலாக எத்தனையோ பேருடைய காலடி பட்டுத் தேய்ந்த தேக்குப் பலகைகள் அவை. சென்ற பிப்ரவரியில் அப்படிப்பட்ட தரை ஒன்றுக்கு வைத்தியம் நடப்பதை அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம் கிடைத்தது.

மரம் ஏன் வந்தது?

கோயமுத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன், 1820-களின் தொடக்கத்தில் உதகையில் தமக்கென்று ஒரு கல் வீடு கட்டிக்கொண்டார். அந்த வீடு இன்றும் உதகை அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அவரைத் தொடர்ந்து வெள்ளைக்காரர்கள் வரிசையாக மலையேறினார்கள். கூடவே கணப்பு அடுப்பும், கண்ணாடி ஜன்னலும், மரத்தரையும் ஏறின.

அந்தக் காலத்தில் மரத்துக்கு இருந்த மதிப்பை உதகை செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தில் போய்ப் பார்க்கலாம். 1830-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட அந்தக் கோயிலின் கூரையைத் தாங்கும் உத்தரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கழற்றி மலைமேல் ஏற்றப்பட்டவை. மலைக்கு மேற்கே நிலம்பூரிலோ, 1840-களில் மலபார்க் கலெக்டர் கொனோலியும் அவருக்குத் துணை நின்ற சாத்து மேனோனும் விதை போட்டு நாற்று வளர்த்துத் தேக்குத் தோட்டமே உண்டாக்கிவிட்டார்கள். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கறையான் எளிதில் வாய் வைக்காது. ஈரத்தில் அதிகம் உப்பாது. மழையும் பனியும் மாறி மாறி வரும் மலைக்கு இதைவிடப் பொருத்தமான மரம் வேறு ஏது?

மரத்தரை கதகதப்பாக இருக்கிறது என்கிறோம். உண்மையில் விடியற்காலையில் கல்லும் மரமும் ஒரே அளவு குளிர்ச்சியாகத்தான் இருக்கின்றன. கல் நம் உள்ளங்காலின் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்கிறது. மரம் அப்படி உறிஞ்சுவதில்லை. கல் கடன்காரனைப் போல, மரம் உறவுக்காரனைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இந்தத் தரையை மண்மேல் நேராகப் பரப்புவதில்லை. அஸ்திவாரத்தில் குட்டைச் சுவர்கள் எழுப்பி, அவற்றின்மேல் குறுக்குக் கட்டைகளைப் போட்டு, அதன்மேல் பலகைகளை அடிக்கிறார்கள். கீழே ஒன்று இரண்டு அடிக்குக் காற்றோட்டமான வெற்றிடம். வெளிச் சுவரில் தரைக்குச் சற்றுக் கீழே சின்னச் சின்ன இரும்புச் சல்லடைகள் தெரியும். எலி வருகிறதென்று அவற்றை சிமெண்டு பூசி அடைத்துவிடுகிறார்கள் சிலர். எலி நிற்கிறதோ இல்லையோ, காற்று நின்று ஈரம் தங்கி, சில வருஷங்களில் குறுக்குக் கட்டை உளுத்துப் போகிறது. தரையைப் பழுது பார்க்கப் புறப்படுகிறவர் முதலில் வீட்டுக்கு வெளியே போய் அந்தச் சல்லடைகளைப் பார்ப்பது நல்லது.

ஒற்றையடிப் பாதை

நான் போன வீடு குன்னூரில் ஒரு சரிவின்மேல் இருக்கிறது. வீட்டுக்கு உரிய அம்மாள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனார், தோட்டத்துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது விற்றுவிட்டுப் போன வீட்டை வாங்கினாராம். அம்மாள் தவழ்ந்ததும் அந்தத் தரையில்தான். இப்போது பேத்தி தவழ்வதும் அதே தரையில்தான்.

கூடத்து ஜமக்காளத்தைச் சுருட்டிக் காட்டினார். வாசற்படியிலிருந்து கணப்பு அடுப்புக்கும், அங்கிருந்து ஜன்னலுக்கும், ஜன்னலிலிருந்து சமையலறைக்கும் ஓர் ஒற்றையடிப் பாதை! மலைச்சரிவில் மாடு நடந்த தடம் மாதிரி, பலகைகள் குழிந்து, பாலிஷ் போய், சாம்பல் நிறமாக வெளுத்திருந்தன. சுவரோரம் ஓர் அடி அகலத்துக்குப் பழைய பழுப்புப் பெயிண்ட், சில இடங்களில் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. பாதையில் இரண்டு மூன்று இடங்களில் சிலாம்பு கிளம்பி நின்றது.

"போன மாதம் குழந்தை உள்ளங்கையில் சிலாம்பு ஏறிவிட்டது. அன்றைக்கே என் மகன், 'இந்த மரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு டைல்ஸ் போட்டுவிடலாம், அம்மா' என்று ஆரம்பித்துவிட்டான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே! குழந்தையைவிடத் தரையா பெரிது?" என்றார் அம்மாள்.

அதற்குமுன் ஒரு காண்டிராக்டர் வந்து பார்த்துவிட்டு, "இரண்டே நாள், அம்மா! மிஷின் ஓட்டிக் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். டைல்ஸா, மிஷினா என்று அம்மாளுக்குக் குழப்பம். யாரோ சொல்லி, கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு கிழ மேஸ்திரியை வரவழைத்தார். நான் போய்ச் சேர்ந்தது அவர் வந்த அன்று.

மேஸ்திரிக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். காதில் ஒரு பென்சில். கையில் ஒரு துணிப்பை. வந்தவர் தரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே வெளியே போய்ச் சல்லடைகளைப் பார்த்தார். திரும்பி வந்து கூடத்தின் நடுவில் நின்று இரண்டு தரம் குதித்தார்.

"கட்டை நல்லா இருக்கு" என்றார்.

நாலு சோதனைகள்

அவர் பையிலிருந்து எடுத்த சாமான்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சின்னப் புட்டி ஸ்பிரிட், கொஞ்சம் பஞ்சு, ஒரு மெல்லிய இரும்பு அளவுகோல். இவ்வளவுதான் வைத்திய சாமான்! ஆனால் அதற்கப்புறம் அவர் செய்தது, நாடி பார்க்கும் வைத்தியர் செய்வதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

முதல் சோதனை தண்ணீர். பாதையின் நடுவில் ஒரு சொட்டு, அலமாரிக்கு அடியில் ஒரு சொட்டு விட்டார். அலமாரிக்கு அடியில் விட்டது முத்துப் போல உருண்டு நின்றது. பாதையில் விட்டது கண்மூடித் திறப்பதற்குள் மரத்துக்குள் போய் மறைந்து, கறுப்பாக ஒரு பொட்டு வைத்தது. "உருண்டு நின்னா பாலிஷ் இருக்குன்னு அர்த்தம். உள்ளே போனா வெறும் மரம், தம்பி" என்றார்.

இரண்டாவது, ஸ்பிரிட். பஞ்சில் நனைத்துப் பழைய பாலிஷ்மேல் தேய்த்ததும் பிசுபிசுவென்று இளகிப் பஞ்சு செம்பழுப்பாயிற்று. "கொம்பரக்கு பாலிஷ். அந்தக் காலத்து வேலை" என்று முகம் மலர்ந்தார். புரசிலும் இலந்தையிலும் வாழும் ஒரு சிறு பூச்சி, கிளைகளில் சுரக்கும் பிசின்தான் அரக்கு. இன்றும் ஜார்க்கண்ட் காடுகளில்தான் அது அதிகம் சேகரமாகிறது; அதற்காகவே 1924-ல் ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தினார்கள். அந்த அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தால் பாலிஷ். அதனால்தான் ஸ்பிரிட் பட்டதும் அது மறுபடி இளகுகிறது. பழைய பூச்சு எது என்று தெரியாமல் புதிய பூச்சை அதன்மேல் ஏற்றினால், ஒட்டாமல் தோல் உரிவது போல உரிந்துவிடும்.

மூன்றாவது சோதனைதான் முக்கியமானது. வாசற்படி ஓரத்தில் அறைந்திருந்த சட்டத்தை மெள்ள நெம்பி எடுத்தார். பலகைகளின் வெட்டு முகம் தெரிந்தது.

"இங்கே பாருங்க, தம்பி. ஒரு பலகைக்கு நாக்கு. பக்கத்துப் பலகைக்குக் காடி. நாக்கு காடிக்குள்ளே போய் உட்கார்ந்தாத்தான் பலகை அசையாம இருக்கும். ஆணியையும் நாக்கு மேலேதான் சாய்ச்சு அடிச்சிருக்கான். அதான் மேலே ஓர் ஆணி கூடத் தெரியலே. நம்ம கால் தேய்க்கிறதெல்லாம் இந்தக் காடிக்கு மேலே இருக்கிற உதட்டைத்தான்."

அளவுகோலை வைத்தார். யாரும் நடக்காத மூலையில், அலமாரிக்குப் பின்னால், அந்த உதட்டின் கனம் 6 மில்லிமீட்டர் இருந்தது. பாதை வாசற்படியைக் கடக்கும் இடத்தில் 3 மில்லிமீட்டர்தான்!

மேஸ்திரி எழுந்து நின்றார். "அம்மா, உங்களுக்குக் கணக்குத் தெரியும். நீங்களே சொல்லுங்க. மிஷின் மட்டமாத்தான் ஓடும். பாதையில் குழிஞ்ச ஆழத்துக்கு அறை முழுக்க இறங்கணும். அது மூணு மில்லி. அப்புறம் அழுக்கு போக இன்னும் ஒரு மில்லி. மிச்சம்?"

"இரண்டு" என்றார் அம்மாள்.

"ரெண்டு மில்லி உதடு ரெண்டே வருஷத்திலே பிளந்துடும். ஆணித் தலையும் எட்டிப் பார்க்கும். கண்ணாடி மாதிரி இருக்கும், வாஸ்தவம்தான். கண்ணாடி மாதிரியே உடையவும் செய்யும்!"

டைல்ஸ் யோசனையையும் அவர் விடவில்லை. மரத்தரை நடக்கும்போது இம்மியளவு வளைந்து கொடுக்கிறது. ஓட்டுக்கு வளையத் தெரியாது. அதனால் இணைப்புகள் விரிசல் விடும். உருப்படியாகப் போட வேண்டுமென்றால் பலகை, கட்டை எல்லாவற்றையும் பெயர்த்து, மண் கொட்டிக் கான்கிரீட் போட வேண்டும். போன தேக்கு போனதுதான்.

நாலாவது சோதனை சுவரோரப் பெயிண்ட். அதை மேஸ்திரி தொடக்கூட இல்லை. "இதிலே மட்டும் உப்புத்தாள் போடக் கூடாது" என்றார். பழைய காலத்துப் பெயிண்டில் ஈயம் கலப்பது சகஜம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். பழைய பெயிண்டை உலர்ந்தபடியே தேய்த்தால் ஈயத்தூள் வீடெங்கும் பறந்து படியும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். சின்னஞ்சிறு குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்க, மிகக் கொஞ்சம் ஈயமே போதும். சிலாம்பையாவது ஊசியால் எடுத்துவிடலாம். இதை எடுக்க முடியுமா? பரிசோதித்துப் பார்க்காத வரை, பழைய பெயிண்ட் என்றால் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

அன்று மாலையே அம்மாளின் மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயமுத்தூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

மிஷினுக்கும் மரியாதை

மேஸ்திரி மிஷினுக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள்! பக்கத்து அறை எப்போதும் ஜமக்காளத்துக்கு அடியிலேயே இருந்தது. அங்கே பலகையின் கனம் குறையவே இல்லை, அழுக்கும் கறையும்தான். "இங்கே மிஷின் தாராளமா ஓடலாம்" என்று வாடகைக்கு ஒன்று தருவித்தார்.

முதலில் இரண்டு ஆட்கள் முழங்காலிட்டு, மேலே தலை காட்டிய பழுது பார்த்த ஆணிகளை எல்லாம் மரத்துக்குள் இறக்கினார்கள். ஓர் ஆணித் தலை போதும், சுழலும் உப்புத்தாளைக் கிழித்துப் போட. பிறகு மெழுகைத் துடைத்தெடுத்தார்கள். மெழுகு சூட்டில் உருகி உப்புத்தாளை அடைத்துவிடுமாம்.

உப்புத்தாளுக்கு நம்பர் உண்டு. நம்பர் சிறிதானால் மணல் பெரிது. முதலில் 40, பிறகு 60, பிறகு 80, கடைசியில் 100. "ஏன், நேராக நூறுக்குப் போனால் என்ன?" என்று கேட்டேன்.

"நாற்பது போட்ட கீறலை அறுபதுதான் எடுக்கும், அறுபது போட்டதை எண்பதுதான் எடுக்கும். நடுவிலே தாண்டினா, பாலிஷ் ஏறினதும் கீறல் அத்தனையும் வந்து நின்னு சாட்சி சொல்லும்" என்றார்.

மிஷினை ஓட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உருளை சுழலும்போது ஒரே இடத்தில் கண நேரம் நின்றாலும் அங்கே பள்ளம் விழுந்துவிடும். ஆகையால் நடக்கத் தொடங்கிய பிறகே உருளையைத் தரையில் இறக்க வேண்டும். நிற்பதற்கு முன்பே தூக்கிவிட வேண்டும். மர ரேகை ஓடும் திசையிலேயே போக வேண்டும். சுவரோரத்துக்குச் சின்ன வட்ட மிஷின். அதுவும் எட்டாத மூலைக்குக் கையும் சுரண்டும் தகடும்தான். எல்லாரும் மூக்கையும் வாயையும் இறுக்கி மூடும் முகமூடி போட்டிருந்தார்கள். மரத்தூள்தானே என்று அலட்சியம் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மரத்தூளை 1995-லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

தூள் பறந்து அடங்கியதும் அறையைப் பார்த்தேன். கறுத்துக் கிடந்த பலகைகள் தேன் நிறத்தில் ரேகை ரேகையாக விரிந்திருந்தன. தேக்கின் வாசனை அறை நிறைய இருந்தது. நூறு வருஷம் கழித்தும் அந்த மரம் தன் வாசனையை மறக்கவில்லை!

தகடு வேலை

கூடத்தில் நடந்த வேலை முற்றிலும் வேறு. அங்கே மிஷின் இல்லை; இரைச்சல் இல்லை. பழைய பாலிஷை ஸ்பிரிட்டில் இளக்கித் துணியால் வழித்தார்கள். பிறகு மேஸ்திரி உள்ளங்கை அகலமுள்ள எஃகுத் தகடு ஒன்றை எடுத்தார். அதன் விளிம்பை இரும்புக் கம்பியால் அழுத்தித் தேய்த்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு கொக்கியை உண்டாக்கினார். இரண்டு கட்டை விரலாலும் தகட்டைச் சற்று வளைத்துப் பலகைமேல் இழுத்தார். வெங்காயச் சருகை விட மெல்லிசாக ஒரு சுருள் கிளம்பி வந்தது.

தகடு வளையும், குழியோடு குழியாகப் போகும். பள்ளத்தை நிரவாமல், பள்ளத்தின்மேல் படிந்த அழுக்கையும் வெளுப்பையும் மட்டும் எடுத்துவிடும். சிலாம்பு கிளம்பிய இடங்களில், அதே தேக்கில் சன்னச் சீவல் சீவிப் பசை வைத்துப் பொருத்தினார். பலகைகளுக்கு நடுவே இருந்த இடைவெளிகளை மக்கு வைத்து அடைக்க வேண்டாமா என்று அம்மாள் கேட்டார்.

"வேண்டாம், அம்மா. மழைக்காலத்திலே பலகை அகலத்திலே உப்பும், கோடையிலே சுருங்கும். இப்போ மக்கு வெச்சா, ஐப்பசி மழையிலே அதுவே பிதுங்கி வெளியே வந்துடும். கொஞ்சம் இடம் இருக்கட்டும். குடித்தனத்திலே அப்படித்தானே?" என்றார். அம்மாள் சிரித்துவிட்டார்.

சுவரோரப் பெயிண்டை எடுக்க ஒரு மருந்தைத் தடவி, அது இளகியதும் ஈரத்தோடேயே வழித்து, பாலிதீன் பையில் கட்டினார்கள். ஒரு பொட்டுக்கூடத் தோட்டத்தில் கொட்டவோ எரிக்கவோ இல்லை. கடைசியில் ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தார்கள்.

எட்டாம் நாள் சாயங்காலம், வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில், ஆளி விதை எண்ணெய் தொட்ட துணிகளை ஓர் இளம் ஆள் பந்தாகச் சுருட்டி மூலையில் போட்டான். அதுவரை அதட்டிப் பேசியே அறியாத மேஸ்திரி, "டேய்! வீட்டையா கொளுத்தப் பார்க்கிறே?" என்று கத்தினார். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. ஆளி விதை எண்ணெய் காயும்போது காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து சூடு உண்டாக்குகிறது. துணி விரிந்து கிடந்தால் அந்தச் சூடு பறந்துவிடும். சுருண்டு கிடந்தால் உள்ளேயே அடைபட்டு ஏறி ஏறி, நெருப்புக் குச்சியே இல்லாமல் நடுராத்திரியில் தானாகப் பற்றிக்கொள்ளும்! அந்தத் துணிகளைத் தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் முக்கி மூடி, வீட்டுக்கு வெளியே கொண்டு வைத்த பிறகுதான் அவர் கிளம்பினார். எண்ணெயும் பாலிஷும் கலந்த மரத்தூளையும் மிஷின் பையில் விட்டுவைக்கக் கூடாது என்றார்.

எந்தப் பூச்சு?

மறுபடி கொம்பரக்கே போடலாம் என்று அம்மாளுக்கு ஆசை. அழகில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் சூடான காபித் தம்ளரை வைத்தாலோ, தண்ணீர் தேங்கினாலோ வெள்ளையாக வட்டம் விழுந்துவிடும். இந்தக் காலத்துப் பாலியூரித்தேன் பூச்சு கெட்டியானது, தண்ணீருக்கும் அஞ்சாது. ஆனால் அது தேய்ந்து மரம் வரை கீறினால், அந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போடுவது கஷ்டம். அறை முழுவதும் தேய்க்க வேண்டி வரும். எண்ணெயும் மெழுகும் கெட்டியில் குறைவு. ஆனால் தேய்ந்த இடத்தில் மட்டும் வருஷம் ஒருமுறை நாமே துணியால் தேய்த்துப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

யோசித்து முடிவு செய்தார்கள். கனம் குறையாத பக்கத்து அறைக்குப் பாலியூரித்தேன். தேக்கின் எண்ணெய்ப் பசை பூச்சை உலரவிடாமல் தடுக்கும் என்பதால், பூசுவதற்குச் சற்று முன்பு தின்னர் தொட்ட துணியால் துடைத்துக்கொண்டார்கள். இனித் தேய்க்கவே கூடாத கூடத்துக்கு எண்ணெயும் மெழுகும்.

"தேய வேண்டியது பாலிஷ், அம்மா, பலகை இல்லே" என்றார் மேஸ்திரி. "பலகை முதல். பாலிஷ் வட்டி. வட்டியைச் செலவழிச்சுட்டே இருக்கலாம். முதல்லே கை வெச்சா எத்தனை நாளைக்கு வரும்?"

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே குன்னூருக்கு ஒரு தரம் போய் வரலாம் என்று தோன்றியது. மரத்தரை உள்ள வீட்டில் இருப்பவர்கள் அதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். தண்ணீர்ச் சொட்டு உருளாமல் உள்ளே போகத் தொடங்கியதுமே ஒரு பூச்சு பூசிவிட வேண்டும். மரம் வெளுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. வாசலில் ஒரு நல்ல மிதியடி. செருப்பில் ஒட்டி வரும் மணல்தான் உப்புத்தாளுக்கு அண்ணன். நாற்காலிக் கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு. வாளித் தண்ணீர் கொட்டிக் கழுவாமல், பிழிந்த துணியால் துடைப்பது. பத்து ரூபாய் வேலையைச் செய்யாமல் விட்டால், பலகையின் ஆயுளில் ஒரு மில்லிமீட்டர் போகிறது. அதைத் திருப்பிக் கொடுக்க எந்தக் காண்டிராக்டராலும் முடியாது.

இன்னும் ஒரு சங்கதி. கணப்புக்கு அருகில், ஒரு ரூபாய் அளவுக்குக் கறுப்பாக ஒரு தீய்ந்த தழும்பு இருந்தது. "இதை எடுக்கட்டுமா, அம்மா? ரெண்டு மில்லி சீவணும்" என்று மேஸ்திரி கேட்டபோது, அம்மாள் தலையை அசைத்துவிட்டார். ஒரு மழைக்கால ராத்திரியில் அவருடைய தகப்பனார் கணப்பைக் கிளறும்போது தெறித்த தணல் அது.

ஒன்பதாம் நாள் வாசற்படிச் சட்டத்தைத் திரும்ப அறைவதற்கு முன், மேஸ்திரி காதிலிருந்த பென்சிலை எடுத்தார். சட்டத்தின் அடிப்பக்கத்தில் ஏதோ எழுதினார். நான் குனிந்து படித்தேன். அன்றைய தேதி. அதன் கீழே இரண்டே வரி:

'உதடு 2¾ மி.மீ. மிஷின் போடாதே.'

இந்தச் சட்டத்தை அடுத்தபடி நெம்பி எடுக்கப் போகிற தச்சர் யாரோ, எந்த வருஷமோ! அன்றைக்கு அந்தப் பேத்தியே வீட்டுக்கு எஜமானியாக இருக்கலாம். பென்சில் எழுத்து அவர்களுக்காகச் சட்டத்துக்கு அடியில் காத்துக்கொண்டிருக்கிறது.